சர்க்கரைப் பாகு ரத்தம்

சூர்யகலாவுக்கு ஹெவி மெட்டல் என்றால் உயிர். அருவா மெட்டல் என்றால் குமட்டல். ரெண்டும் ஒன்றுதானே என்று யாராவது கேட்டால், "மொளகாப்பொடியும் செவப்புதேன், கலர்க் கோலப்பொடியும் செவப்புதேன். கொழம்புல எதப் போடுவீக?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அவளுக்கு வேலை போடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில். ஆறு வருஷமாக நர்ஸ். போடிமெட்டு மலைப்பாதையில் கவிழ்ந்த ஜீப்பில் நசுங்கியவர்கள், எஸ்டேட்டில் பாம்பு கடித்தவர்கள், ஏலக்காய் உலர்த்தும் அறையில் வெந்துபோனவர்கள் என்று எல்லாரும் அவள் கைக்குத்தான் முதலில் வருவார்கள். கோயம்புத்தூரில் நர்சிங் படித்தபோது, முதல் பிணத்தைக் கழுவிக் கட்டிய அன்று அவளால் சாப்பிட முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அறைத்தோழி ஷில்லாங்காரி. பேசாமல் தன் இயர்போனை எடுத்து இவள் காதில் மாட்டினாள். இடி இடிப்பதுபோல் டிரம்ஸ், அதற்கு மேல் அறுக்கும் கிட்டார். பத்து நிமிஷத்தில் தலைக்குள் இருந்த அந்தப் பிணத்தின் முகம் அடங்கியது. அன்றிலிருந்து பிடித்த பித்து.

ஊருக்குத் திரும்பியதும் மாமன் மகன் கார்த்தியோடு சேர்ந்துகொண்டாள். அவனுக்குக் கிட்டார், இவளுக்கு டிரம்ஸ். மாமாவின் ஏலக்காய் சலிக்கிற ஷெட்டில் ஒரு மூலையை ஒதுக்கி, சத்தம் அடங்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை அறைந்து, பழைய டிரம் செட் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டார்கள். மூன்று வருஷம் வாசித்தார்கள். கேட்பதற்கு ஷெட்டில் சலிக்கிற பெண்கள் நாலு பேர் மட்டும். "தகரக் கொட்டகையில கல்லெறிஞ்ச மாதிரி இருக்கு தாயி, ஆனா தூக்கம் வரல, வேலை ஓடுது" என்பார்கள். அந்தப் பாராட்டே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. கார்த்திக்குப் போதவில்லை.

தேனியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மகாராஜன் வந்தது அப்போதுதான். அருவா மெட்டல் என்ற பெயரே அவர் வைத்ததுதான். மேலெல்லாம் சாம்பல், இடுப்பில் கறுப்பு வேட்டி, ஆளுக்கு ரெண்டு அரிவாள். பாட்டின் நடுவே அரிவாளோடு அரிவாளை உரசித் தீப்பொறி பறக்கவிட வேண்டும். கடைசிப் பாட்டில் ஒரு பானை ரத்தத்தைத் தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். ரத்தம் என்றால் சர்க்கரைப் பாகு, சிவப்புச் சாயம், கொஞ்சம் காபித்தூள். குழுவுக்குப் பேர் கொடுவாள்.

"கொடுவாளா, கொடுவா மீனா?" என்று சூர்யகலா கேட்டாள். கார்த்தி சிரிக்கவில்லை.

அவளுக்கு முதல் கோபம் பாட்டின்மேல்தான். மூன்றே மூன்று ராகத்துண்டு, எல்லாப் பாட்டிலும் அதுவே. டிரம்ஸ் பாதி கம்ப்யூட்டரில் வருகிறது. மிச்ச நேரமெல்லாம் "வெட்டு, வெட்டு" என்ற கூச்சல். பாட்டுக்கு வேஷம் கட்டினால் பரவாயில்லை, இங்கே வேஷத்துக்குப் பாட்டு ஒட்டியிருந்தது.

இரண்டாவது கோபம் வேறு. அதற்கு முந்தின பங்குனியில், பஸ் நிறுத்தத்தில் வெட்டுப்பட்ட ஒரு ஆளை லோடு வண்டியில் தூக்கி வந்தார்கள். நாற்பது வயசிருக்கும். கழுத்தில் ரெண்டு, தடுத்த கையில் மூன்று. தொங்கிய தோலை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு இன்னொரு கையால் அவர் சூர்யகலாவின் முழங்கையைப் பிடித்தார். "வெரசாத் தச்சு விடு தாயி. வீட்ல சோலி கெடக்கு" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. அந்தப் பிடி தளர்ந்த பிறகும் ஐந்து விரல் தடம் அவள் கையில் சிவப்பாக இருந்தது. சாயந்திரம் ஷெட்டுக்குப் போய் உள்ளங்கைத் தோல் உரியும்வரை அவள் டிரம்ஸை அடித்தாள். கார்த்தி கூட இருந்தான். எல்லாம் கேட்டான். கண்கூடக் கலங்கினான்.

ரெண்டே மாதத்தில் கொடுவாளின் முதல் பாட்டுக்கு 'கழுத்து' என்று பேர் வைத்திருந்தான். நடுவில் ஒரு வரி வந்தது: "தச்சு விடு தாயி."

அவள் குச்சிகளை டிரம் மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"அந்த ஆளுக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்குடா" என்றாள்.

"யார்னு பேரு சொல்லலயே கலா. எல்லா ஊர்லயும் நடக்குறதுதேன."

"நடக்குறதுதேன். ஒனக்குத்தேன் அது ருசியா இருக்கு."

"மூணு வருசமா நாலு பொம்பளைகளுக்கு வாசிச்சுக்கிட்டு இருக்கேன். நான் என்னத்தக் கண்டேன்? சொல்லு."

"வாசிக்கத் தெரிஞ்சுக்கிட்டேல்ல. அதக் கண்டே. இப்ப அதையும் கொன்னுட்ட."

அன்றோடு அவள் ஷெட்டுக்குப் போவதை நிறுத்தினாள். அவள் இடத்துக்குச் சிலமலைப் பையன் திருப்பதி வந்தான். இருபத்திரண்டு வயசு, மெலிந்த உடம்பு, கால் மட்டும் குதிரைக் கால். ரெண்டு காலாலும் ரெட்டை மிதியை அடித்து வாசிக்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே சூர்யகலாதான். அவனிடம் அவளுக்கு வருத்தமில்லை. அடிக்க ஒரு டிரம்ஸ் கிடைத்தால் போதும் அவனுக்கு, யார் என்ன வேஷம் கட்டினாலும் கவலை இல்லை.

அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை அவள் போடிமெட்டுக்குப் போனதும் திருப்பதி கெஞ்சியதால்தான். மெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டின் மைதானத்தில் ஏழெட்டுக் குழுக்கள் வாசிக்கும் விழா. "மொத மொறையா பெரிய மேடக்கா. நீங்க பாக்காம யாரு பாக்குறது?" என்றான். அப்பா பால்பாண்டி எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பு வைத்திருந்தார். ஞாயிறு சும்மா நின்ற ஜீப்பில் மகளை ஏற்றிக்கொண்டு வந்தார். "இந்தக் கருமத்தக் கேக்க இவ்வளவு ஒசரம் ஏறணுமா ஆத்தா?" என்று கேட்டுக்கொண்டே பதினேழு வளைவும் ஓட்டினார்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கொடுவாள் மேடை ஏறியது. பள்ளத்திலிருந்து மஞ்சுப் பனி ஏறி மைதானத்தின் ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தது. அறுநூறு எழுநூறு பேர், பாதிப் பேர் கேரளத்துப் பையன்கள். எல்லார் கையிலும் போன். சூர்யகலா மேடைக்கு இடது பக்கம், தடுப்புக் கம்பியை ஒட்டி நின்றாள். திருப்பதி அவளைப் பார்த்துக் குச்சியை உயர்த்திக் காட்டினான்.

நாலு பாட்டு முடிந்தது. திருப்பதி நன்றாகவே அடித்தான். அந்தப் பாட்டுக்கு அது வீண் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஐந்தாவதும் கடைசியுமாக 'கழுத்து'. கார்த்தி கிட்டாரை இறக்கி வைத்துவிட்டுப் பானையை எடுத்துத் தலையில் கவிழ்த்தான். கூட்டம் ஊளையிட்டது. பாகு கெட்டியாக, மெதுவாக அவன் நெற்றி, மார்பு, கை எல்லாம் வழிந்து இறங்கியது. ரெண்டு அரிவாளையும் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்ற ஆரம்பித்தான். வெளிச்சம் பட்டு இரும்பு மின்னியதை அவள் பார்த்தாள். போன தடவை வீடியோவில் பார்த்தது இப்படி மின்னவில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. அது முழுசாக வருவதற்குள் வலது கை அரிவாள் வழுக்கியது.

முன்னால் போயிருந்தால் கூட்டத்தில் விழுந்திருக்கும். அது பின்னால் பறந்தது. திருப்பதியின் இடது கை உள்பக்கத்தில், முழங்கைக்கு நாலு விரல் மேலே இறங்கி, டிரம்ஸ் மேல் மோதிக் கீழே விழுந்தது.

அவன் நிறுத்தவில்லை. அதுதான் கொடுமை. கால் தன்பாட்டுக்கு ரெட்டை மிதியில் ஓடியது. வலது கை அடித்தது. இடது கை தொங்கியது. வெள்ளைத் தோல் போட்ட டிரம் ஒரே நொடியில் சிவந்தது. அடுத்த அடி அதன்மேல் விழுந்தபோது ரத்தம் ஒரு முழ உயரம் தெறித்தது. கூட்டம் வெறி பிடித்ததுபோல் கத்தியது. "வெட்டு! வெட்டு!" என்று எழுநூறு தொண்டை. திருப்பதி தன் கையைக் குனிந்து பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். ஏதோ கேட்க வருவதுபோல் வாயைத் திறந்தான்.

கார்த்தியின் மேலிருந்த சிவப்பு வழிந்தது. திருப்பதியின் சிவப்பு குதித்தது. துடிப்புக்கு ஒரு குதி. சூர்யகலாவுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. தடுப்புக் கம்பியைத் தாண்டினாள். கறுப்புச் சட்டைக் காவலாள் ஒருவன் இடுப்பைப் பிடித்து இழுத்தான்.

"நெசமான வெட்டுடா! விடுறா!"

"மேடைக்கு வர எல்லாப் பொண்ணுகளும் இப்பிடித்தான் ஏதாச்சும் சொல்லுதுக" என்று அவன் சிரித்தான்.

முழங்கையை மடக்கி அவன் வாயில் ஒன்று போட்டாள். பல் உடையும் சத்தம் கேட்டது. பிடி விட்டது. இதையும் பார்த்துக் கூட்டம் கைதட்டியது. இதுவும் நாடகம் என்றே நினைத்தார்கள். மேடைப் படியில் மகாராஜன் கேமராவோடு நின்றார். "நெசமா வெட்டுண்ணே, பாட்ட நிறுத்துங்க" என்று அவர் காதுக்குள் கத்தினாள். அவர் ஒரு கண்ணைக் கேமராவில் வைத்தபடியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது திருப்பதி ஸ்டூலிலிருந்து சரிந்துகொண்டிருந்தான். அவனைத் தரையில் கிடத்தி, வெட்டுக்குள் ரெண்டு விரலை விட்டு எலும்போடு சேர்த்து அமுக்கினாள். சூடாக, வழுக்கலாக, விரலுக்கு அடியில் அந்த ரத்தக்குழாய் மீன்குஞ்சு மாதிரி துள்ளியது. மறு கையாலும் பல்லாலும் துப்பட்டாவை உருவி அவன் அக்குளுக்குக் கீழே ரெண்டு சுற்றுச் சுற்றி முடிந்தாள். முடிச்சுக்குள் டிரம் குச்சியைச் சொருகித் திருகினாள். ஒரு திருகு. ரெண்டு திருகு. மூன்றாவதில் அவன் அலறினான். இன்னொரு திருகு திருகினாள். குதிப்பது நின்றது.

"மணி என்னடா?" என்று பின்னால் நின்ற கார்த்தியைக் கேட்டாள்.

அவன் வெறித்துப் பார்த்தான்.

"மணி என்னன்னு கேட்டேன்! கட்டுப் போட்ட நேரம் தெரியணும்!"

"மூணு... மூணு இருபது." அப்புறம்தான் அவனுக்கு அழுகை வந்தது. "கலா, நாந்தேன் கலா. நாந்தேன் வெட்டிட்டேன்."

விழாவுக்கு நிறுத்தி வைத்திருந்த ஆம்புலன்ஸ் முந்தின குழு வாசித்தபோது கூட்டத்தில் மயங்கி விழுந்த ஒருவனை ஏற்றிக்கொண்டு மறுபக்கம் மலையிறங்கிப் போயிருந்தது. பால்பாண்டி ஜீப்பை மேடைக்குப் பின்னாலேயே கொண்டுவந்து விட்டார். கார்த்தியும், பேஸ் கிட்டார் வாசிக்கிற சின்ராசும் திருப்பதியைத் தூக்கிப் பின்னால் கிடத்தி, தாங்களும் ஏறிக்கொண்டார்கள். சூர்யகலா அவன் பக்கத்தில் மண்டியிட்டுக் குச்சியை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

அந்த இறக்கத்தை அவளால் எப்போதும் வரிசையாக நினைவுகூர முடிந்ததில்லை. மஞ்சு கண்ணாடியில் அப்பியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அப்பா ஹாரனை அமுக்கிக்கொண்டே வெட்டித் திருப்பினார். ஒரு வளைவில் மேலேறி வந்த காய்கறி லோடு வண்டியின் பக்கவாட்டை உரசி, ஜீப்பின் பக்கக் கண்ணாடி தெறித்துப் போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் திருப்பதியின் தலை அவள் தொடையில் மோதியது. அவன் உதடு வெளுத்து நீலமாகிக்கொண்டு வந்தது. "அக்கா, கை இருக்கா?" என்று கேட்டான். "இருக்குடா." கொஞ்சம் கழித்து மறுபடியும், "கை இருக்கா?" எதிரே கார்த்தி தன் முகத்திலேயே அறைந்துகொண்டிருந்தான். அறைய அறையச் சாம்பலும் பாகும் குழைந்து அவன் முகம் உரித்த ஆட்டுத்தலை மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் தடுப்புக் கம்பு கீழே இறங்கியிருந்தது. கண்ணாடி உடைந்த ஜீப்பு வேகமாக வருவதைக் கண்ட போலீஸ்காரர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்த இளைய கான்ஸ்டபிள் பின்வாங்கினார். அவர் பார்த்தது இதுதான்: சாம்பல் பூசிய ரெண்டு பேர், தலை முதல் கால்வரை ரத்தம், ஒருவன் இடுப்பில் இன்னும் அரிவாள், கீழே வெட்டுப்பட்டுக் கிடக்கிற ஒருத்தன்.

"எறங்குங்கடா! கையத் தூக்குடா!"

"சார், ஆஸ்பத்திரிக்குப் போறோம், நான் நர்ஸ்" என்று சூர்யகலா கத்தினாள்.

"யாருடா வெட்டுனது?"

"நாந்தேன் சார்" என்றான் கார்த்தி. "நாந்தேன் வெட்டுனேன். நாந்தேன்."

அவனை முடியைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார்கள். லத்தி முதுகில் விழுந்தது, முட்டியில் விழுந்தது. அவன் கையைக் குறுக்கே வைக்கவில்லை. அடிக்கு அடி "நாந்தேன், நாந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அது அவர்களை இன்னும் பதற வைத்தது. சின்ராசைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் முழங்காலால் அமுக்கினார். இன்னொருவர் ஜீப்பின் சாவியைப் பிடுங்கினார். பால்பாண்டி சாவிக்காகப் பாய்ந்து, கன்னத்தில் ஒரு அறை வாங்கினார்.

மேலே எழுநூறு பேர் நிஜத்தை நம்பவில்லை. இங்கே ஆறு பேர் பொய்யை நம்பிக்கொண்டிருந்தார்கள். கொலைகாரன் என்று நினைத்து அவர்கள் அடித்ததில் அவர்கள்மேல் தப்பு சொல்ல அவளால் முடியவில்லை. யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அப்படி நினைக்க வைப்பதற்கென்றே தைத்த வேஷம் அது.

"ஏட்டய்யா!" என்று ஓரத்தில் நின்ற வயசான ஏட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். கை குச்சியை விடவில்லை. "அவன் நெஞ்சத் தொட்டு மோந்து பாருங்கய்யா. ஒரு தடவ மோந்து பாருங்க. அப்பறம் இவனப் பாருங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல இவன் செத்துருவான்யா!"

ஏட்டு குனிந்து கார்த்தியின் மார்பில் விரல் வைத்தார். பிசுபிசுவென்று நூல் இழுத்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னடா இது, பாகு!" என்றார். அடுத்த நொடி ஜீப்பை எட்டிப் பார்த்துத் திருப்பதியின் முகத்தைக் கண்டதும் அவர் குரல் மாறியது. "சாவியக் குடுய்யா! கம்பத் தூக்கு! நீ பைக்க எடுத்துக்கிட்டு முன்னால போ!"

பத்து நிமிஷம் போயிருந்தது. கார்த்தியையும் சின்ராசையும் அங்கேயே நிறுத்திக்கொண்டு ஜீப்பை மட்டும் விட்டார்கள்.

பைக்கில் முன்னால் போன போலீஸ்காரர் சொல்லியிருந்ததால் ஆஸ்பத்திரியில் டாக்டர் முனீஸ்வரி தயாராக நின்றார். அறுந்த குழாயில் கவ்வி போட்டு, ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்துக் கையில் வைத்துத் தைத்தார்கள். உயிர் தங்கியது. கையும் தங்கியது. ஆனால் விரலுக்கு உணர்ச்சியும் அசைவும் கொடுக்கிற நரம்பு அறுந்துபோயிருந்தது. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் இனிமேல் ஒன்றை ஒன்று தொடாது என்றார்கள். குச்சி பிடிக்க முடியாது.

வீடியோ அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. வெட்டு விழுவது, டிரம்ஸில் ரத்தம் தெறிப்பது, கால் நிற்காமல் ஓடுவது. இருபது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். "உண்மையான மெட்டல் இதுதான்" என்று கீழே எழுதியிருந்தார்கள். சூர்யகலா ஒரு தடவை பார்த்துவிட்டு அதைப் போனிலிருந்து அழித்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்துத் திருப்பதியை மதுரையிலிருந்து போடிக்கே கொண்டுவந்தார்கள், புண்ணுக்குக் கட்டு மாற்ற. முதல் மாடியில் தனி அறை. மூன்றாம் நாள் காலை சூர்யகலா மருந்துத் தட்டோடு போனபோது கதவு சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தாள்.

கட்டு முழுக்கச் சிவப்பு. முழங்கையிலிருந்து சொட்டிப் படுக்கை விரிப்பு நனைந்திருந்தது. தைத்த குழாய் பிய்ந்துவிட்டது என்று நினைத்தாள். தட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பெருவிரலால் அக்குளை அமுக்கினாள். அப்போதுதான் வாசனை வந்தது. காபித்தூள் வாசனை.

நிமிர்ந்தாள். கதவுக்குப் பின்னால் மகாராஜன் கேமராவோடு நின்றார். ஜன்னல் விளிம்பில் சிவப்புப் பாட்டில்.

"அப்பிடியே இருங்க சிஸ்டர்" என்றார். "அந்த மொகம் அருமையா வந்துருக்கு. நெசம் மாதிரியே."

அவள் கட்டிலில் கிடந்த ஸ்டீல் தட்டை எடுத்தாள். முதல் அடி கேமராவில் விழுந்தது. அது சுவரில் மோதிச் சிதறியது. ரெண்டாவது அவர் முகத்தில், தட்டின் விளிம்பு மூக்கெலும்பில் இறங்க. அவர் கையைத் தூக்கினார். கையில் அடித்தாள். குனிந்தார். முதுகில் அடித்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து அவர் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. "பாருடா, இது நெசம், இதப் படம் புடி!" என்று கத்திக்கொண்டே அடித்தாள். தட்டு வளைந்துபோனது. வளைந்த தட்டாலேயே அடித்தாள். அவர் கதவுப்பக்கம் தவழ்ந்தார். வார்டு பாய் இனியவன் ஓடிவந்து அவளைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தபோதும் அவள் கால் உதைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா! நிறுத்துங்கக்கா!"

திருப்பதி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"நாந்தேன் அவர வரச் சொன்னேன்."

அவள் உதைப்பது நின்றது.

"நீயா?"

"ஆறு வருசமா அடிச்சேன்க்கா. எம் பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. எங்க ஊர்ல பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியாது. இப்பத் தெரியுது. எங்கெங்கயோ இருந்து எழுதுறாங்க." ஆடாத விரல்களை நல்ல கையால் தூக்கிப் பிடித்துக் காட்டினான். "இது போயிருச்சு. பேரையும் விடச் சொல்றீங்களா? வேற என்ன இருக்கு எனக்கு?"

மருந்தும் ஊசியும் தரையில் சிதறிக் கிடந்தன. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு புதுத் துணி எடுத்துவந்து, சாயம் பிடித்த கட்டை அவிழ்த்து, வெந்நீரால் துடைத்து, மறுபடியும் கட்டினாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகாராஜன் போலீசுக்குப் போகவில்லை. திருப்பதி வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அவளை ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அடிச்சது சரி ஆத்தா. தட்டாலயா அடிப்பாக? ஜீப்புல ஜாக்கி லிவர் சும்மாதேன கெடக்குது" என்றார். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த விடுப்பில்தான் கார்த்தியின் அம்மா சோலையம்மாள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஒம் மாமன் மகன் சாப்புடவே மாட்டேங்கிறான்டி. நீயாச்சும் வந்து பேசு." போனாள். கார்த்தி தலையை மழித்திருந்தான். முட்டி வீக்கம் இன்னும் வடியவில்லை. கேஸ் போட்டு ஜாமீனில் விட்டிருந்தார்கள்.

"தகர அருவாதேன் இருந்துச்சு" என்றான், அவள் உட்காருவதற்கு முன்பே. "ஒரசுனா சத்தமும் வரல, பொறியும் வரல. பட்டறையில நெசமான அருவா அடிச்சு வாங்குனேன். மகாராஜனுக்குத் தெரியாது. நான் மாத்துனது யாருக்கும் தெரியாது. கை தவறிப்போச்சுன்னுதேன் போலீஸ்ல எழுதியிருக்காங்க."

அவள் அவனை அறைந்தாள். ஒரே அறை. காது சிவந்து, கண்ணில் நீர் தளும்பியது. அவன் மறு கன்னத்தையும் கொண்டுவந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு வெறுப்பாக வந்தது. இதிலும் ஒரு நாடகம்.

"மொகத்தக் கொண்டாராத. என்னைய அடிச்சுப் பாவத்தக் கழுவச் சொல்லாத. கெளம்பு."

"எங்க?"

"ஸ்டேசனுக்கு. எங்கிட்டச் சொன்னத அங்க சொல்லு. வேட்டி சட்டை போட்டுக்கிட்டு வா. மூஞ்சியக் கழுவு."

அவன் போனான். வாசல்வரை அவள்தான் கூட்டிப்போனாள், உள்ளே அவன் தனியாகப் போனான். வழக்கு கடுமையானது. பிறகு அவன் கிட்டாரைத் தொடவில்லை. இப்போது தன் அப்பாவோடு ஷெட்டில் மூட்டை தூக்குகிறான். அவள் வேறொரு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டாள். அங்கேயும் அவசரப் பிரிவுதான்.

கொடுவாள் நிற்கவில்லை. கார்த்தி இடத்துக்குப் புது ஆள் வந்தான், புது டிரம்மர் வந்தான். திருப்பதி இப்போது எதையும் வாசிப்பதில்லை. கடைசிப் பாட்டில் மேடையின் முன்னால் வந்து நின்று, சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டி, அந்தக் கையைத் தூக்குவான். கூட்டம் வெறி பிடித்துக் கத்தும். அதற்காகவே வருகிறார்கள்.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம், அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் போன் அடித்தது. திருப்பதி. பின்னால் யாரோ மைக் சோதிக்கிற சத்தம்.

"அக்கா, கை வீங்கியிருக்குக்கா. வெரல் நுனியெல்லாம் கருத்தாப்ல இருக்கு."

"எப்பருந்து?"

"ரெண்டு நாளா."

"தொட்டாச் சில்லுன்னு இருக்கா?"

"தெரியலக்கா. அந்த வெரல்லதேன் ஒண்ணும் தெரியாதே."

"கன்னத்துல வச்சுப் பாரு." அவன் வைத்துப் பார்ப்பதற்குக் காத்திருந்தாள். "சில்லுன்னு இருக்கா?"

"இருக்கு."

"எந்த ஊர்ல இருக்க? பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி எதுன்னு கேளு. இப்பவே போ. ரத்தக்கொழாய் அடைச்சுருக்கும். ஆட்டம் முடிச்சுட்டுப் போறேன்னு சொல்லாத."

"ஒங்களுக்கு இந்தப் பாட்டு புடிக்காதுல்லக்கா?" என்றான்.

"புடிக்காது."

"எனக்கும் புடிக்கலக்கா" என்றான். ரொம்ப மெதுவாக, பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடாதபடி. "மொத நாள்லருந்தே புடிக்கல."

"அப்ப எறங்கி வாடா. ஊரச் சொல்லு, நான் வர்றேன். அப்பா ஜீப்ப எடுத்துக்கிட்டு வர்றேன்."

யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மைக்கில், சத்தமாக. கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது. போன் அணைந்துபோனது. அவள் திரும்ப அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி அடித்தாள். டப்பாவை மூடிப் பைக்குள் வைத்து, அப்பாவுக்குப் போன் போட்டு, "ஜீப்பக் கொண்டாங்கப்பா" என்றாள். எந்த ஊர் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.